யாழ்ப்பாணத்தில செய்த டிசைனை வெளிநாட்டில பதியிறது எப்பிடி: தொடக்கத்தில இருந்து முடிவுவரை

பனையோலையில கைப்பை பின்னுற ஆக்கள், வெள்ளியில தோடு வடிவமைக்கிற ஆக்கள், மரத்தில மேசை விளக்கு செய்யிற ஆக்கள், புட்டுப்பானைக்குப் புதுமாதிரி மூடி யோசிச்ச ஆக்கள் எண்டு எங்கட பக்கத்தில இப்ப கனபேர் இருக்கினம். அவையின்ர சாமான் லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் பாரிசுக்கும் சூட்கேசில போகுது, பேந்து பாசலில போகுது, பேந்து கடைக்கும் போகுது. அங்க ஆரும் அதே வடிவத்தைத் தொழிற்சாலையில அடிச்சு அரை விலைக்கு வித்தா, கொழும்பில பதிஞ்ச சேட்டிபிக்கற்றைக் கொண்டுபோய்க் காட்டி ஒண்டும் செய்யேலாது, ஏனெண்டால் டிசைன் உரிமை எண்டது நாட்டுக்கு நாடு தனி. இலங்கையில பதிஞ்சது இலங்கைக்குள்ள மட்டும்தான் செல்லும். இதைச் சரியான நேரத்தில ஒருத்தரும் சொல்லாததாலதான் நல்ல டிசைன்கள் அநியாயமாப் போகுது எண்டு நான் நினைக்கிறன், அதனால தொடக்கத்தில இருந்து முடியுமட்டும் எழுதிறன்.

எதைப் பதியலாம், எதைப் பதியேலாது

கைத்தொழில் வடிவமைப்பு எண்டு சட்டம் சொல்லுறது ஒரு சாமானின்ர தோற்றத்தை. வடிவம், கோடுகள், வளைவு, மேற்பரப்பில இருக்கிற கோலம், நிறச் சேர்க்கை இதுகள். அது எப்பிடி வேலை செய்யுது எண்டது இதுக்குள்ள வராது. உங்கட மூடி நீராவியைப் புதுவிதமாச் சுத்தவிடுது எண்டால் அது பேட்டன்ட் பக்கம், மூடி பாக்க எப்பிடி இருக்கு எண்டதுதான் டிசைன். கடைப்பேரும் லோகோவும் டிரேட்மார்க். வேலை செய்யிறதுக்காக அந்த வடிவம்தான் கட்டாயம் வேணும், வேற வடிவத்தில செய்யவே ஏலாது எண்ட பகுதிகளுக்கும் டிசைன் உரிமை கிடையாது.

இன்னொண்டு, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி (புட்டு அவிக்கிற ஓலைக்கூம்பு), குட்டான் மாதிரி காலங்காலமா இருக்கிற வடிவங்களைப் பதியப் போகாதேங்கோ. அது புதுசில்லை, எல்லாருக்கும் சொந்தம். பிரிட்டனிலயும் ஐரோப்பிய ஒன்றியத்திலயும் பதியேக்க அது புதுசோ எண்டு ஆராய்ஞ்சு பாக்கிறேல்லை, அதால ஆரும் நீத்துப்பெட்டியைக் கொடுத்தாலும் சேட்டிபிக்கற் வந்திடும், ஆனா ஒருத்தர் பழைய படம் ஒண்டைக் காட்டி எதிர்த்தா அந்தப் பதிவு அங்கேயே செத்திடும். பின்னுற பெண்கள் எத்தினை தலைமுறையாச் செய்த வடிவத்தை ஒராள் தன்ர பேரில எழுதுறது நியாயமும் இல்லை. நீத்துப்பெட்டியின்ர கூம்பைத் தலைகீழாத் திருப்பி, தோல்வார் வைச்சு, முந்தி ஒருத்தரும் செய்யாத ஒரு பையா மாத்தினியள் எண்டால் அந்தப் பை உங்கட டிசைன்.

திகதி கையில வரமுதல் படம் போடாதேங்கோ

இந்த வழிகாட்டியில ஒண்டை மட்டும்தான் ஞாபகம் வைக்கப்போறியள் எண்டால் இதை வையுங்கோ. அப்ளிகேசன் போட்டுத் திகதி எடுக்கிறதுக்கு முதல் பேஸ்புக், இன்ஸ்டா, டிக்டொக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒண்டிலயும் அந்தப் படம் போகக்கூடாது. முற்றவெளியில நடக்கிற வர்த்தகக் கண்காட்சியில மேசையில வைச்சாலும் அது வெளிப்படுத்தினதாத்தான் கணக்கு.

சின்ன ஆக்கள் எங்களை ஆர் பாக்கப்போயினம் எண்டு நினைக்கலாம், பெரிய கொம்பனிக்கே நடந்திருக்கு. பூமா சப்பாத்துக் கொம்பனி 2016இல ஐரோப்பாவில ஒரு சப்பாத்து டிசைனுக்கு அப்ளை பண்ணிப் பதிஞ்சது. பாடகி ரிஹானா 2014 டிசம்பரில அதேமாதிரிச் சப்பாத்தோட இருந்த படங்கள் இன்ஸ்டாகிராமில கிடந்தது. ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் 2024 மார்ச்சில, அந்தப் படங்களில சப்பாத்தின்ர அம்சங்கள் தெளிவாத் தெரியுது, ஏற்கனவே உலகத்துக்குக் காட்டியாச்சு எண்டு சொல்லி, பதிவு செல்லாது எண்ட முடிவை உறுதிப்படுத்திச்சு. ஐரோப்பாவில சொந்தமா வெளிப்படுத்தினபிறகும் 12 மாதத்துக்குள்ள அப்ளை பண்ணலாம் எண்டு ஒரு சலுகைக்காலம் இருக்கு, பூமா அதையும் தாண்டிப் போட்டுது.

அந்த 12 மாதச் சலுகை பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, கனடாவில இருக்கு, அவுஸ்திரேலியாவும் 2022 மார்ச் 10இல இருந்து குடுக்குது. ஆனா இந்தியாவில அப்பிடிப் பொதுவான சலுகை இல்லை, உலகத்தில எங்க வெளிப்படுத்தினாலும் புதுமை போச்சு, முன்கூட்டியே அறிவிச்சு வைக்கிற சில கண்காட்சிகளுக்கு மட்டும் விலக்கு இருக்கு. எங்கட சாமானைப் பாத்து ஆரும் மலிவாச் செய்யப்போயினம் எண்டால் பக்கத்தில இருக்கிற இந்தியாவிலயும் செய்யலாம், அதால சலுகையை நம்பி இருக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை. ஏற்கனவே படம் போட்டிட்டியள் எண்டால் மனம் விடாதேங்கோ, முதல்முதல் போட்ட திகதியைத் தேடி எடுத்து ஸ்க்ரீன்ஷொட் அடிச்சு வையுங்கோ, 12 மாதம் முடியேல்லை எண்டால் சலுகை இருக்கிற நாடுகள் இன்னும் திறந்துதான் கிடக்கு.

கடைக்காரருக்கோ தைக்கிற ஆளுக்கோ காட்டித்தான் ஆகவேணும் எண்டால், ஒரு பக்கத்தில ரகசியமா வைச்சிருப்பன் எண்டு எழுதி ரெண்டுபேரும் கையெழுத்துப் போட்டிட்டுக் காட்டுங்கோ. சொந்தக்காரர் எண்டாலும் எழுதுங்கோ.

ஆறு மாதக் கணக்கு

1883இல வந்த பாரிஸ் உடன்படிக்கையில இலங்கை 1952இல இருந்து இருக்கு. அதால எங்களுக்கு வாற பெரிய நன்மை முன்னுரிமை. ஒரு உறுப்பு நாட்டில முதல் அப்ளிகேசன் போட்ட நாளில இருந்து 6 மாதத்துக்குள்ள மற்ற உறுப்பு நாடுகளில போட்டால், அங்கயும் உங்கட முதல் திகதியைத்தான் பாப்பினம். நடுவில இன்னொருத்தர் அதே டிசைனைப் போட்டாலும் நீங்கள்தான் முதல் ஆள். பேட்டன்டுக்கு இது 12 மாதம், டிசைனுக்கு 6 மாதம்தான், இதைக் குழப்பிக் காலத்தை விடுறதுதான் கனக்க நடக்கிறது.

ஜனவரி 10 போட்டால் ஜூலை 10 கடைசி. அண்டைக்கு அங்கத்தைய ஒவ்வீஸ் பூட்டு எண்டால் அடுத்த வேலைநாள் செல்லும். அதை நம்பி இராமல் போனில நாலாம் மாதம் முடியேக்க ஒரு அலாரம் வையுங்கோ.

முதல் அப்ளிகேசனை எங்க போடுறது? எங்கட நாட்டில 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில போடலாம், வெளிநாட்டோட பாக்க செலவு குறைவு. பதிவு 5 வருசம், ரெண்டுதரம் புதுப்பிச்சா மொத்தம் 15 வருசம். போட்டபிறகு உறுதிப்படுத்தின கொப்பி ஒண்டுக்கும் சேத்து அப்பவே கேளுங்கோ, வெளிநாட்டு ஒவ்வீஸ்கள் முன்னுரிமைக்கு ஆதாரமா அதைக் கேக்கும், யாழ்ப்பாணத்தில இருந்து அதுக்கெண்டு இன்னொருக்கா ரயில் ஏறத் தேவையில்லை.

ஆனா கொழும்பில முதல் போடவேணும் எண்டு கட்டாயம் இல்லை. சாமான் முழுக்க லண்டனிலதான் விக்கப்போகுது, காசும் மட்டுமட்டு எண்டால் நேர பிரிட்டனில போட்டு, அந்தத் திகதியை வைச்சு 6 மாதத்துக்குள்ள கனடாவுக்குப் போகலாம். என்ர எண்ணத்தில இலங்கையிலயும் விக்கிற ஆள் கொழும்பில தொடங்கிறது நல்லது, ஏற்றுமதி மட்டும் செய்யிற ஆள் பெரிய சந்தையில தொடங்கலாம்.

முதல் தேடுங்கோ

வைப்போ எண்ட உலகப் புலமைச் சொத்து அமைப்பின்ர குளோபல் டிசைன் டேட்டாபேஸ், ஐரோப்பிய ஒவ்வீஸ் நடத்துற டிசைன்வியூ ரெண்டும் சும்மா பாக்கலாம். டிசைன் பதியிற சாமான்களை வகை பிரிக்கிறதுக்கு லொகார்னோ வகைப்பாடு எண்டு 32 வகுப்பு இருக்கு. கைப்பை 03-01, நகை 11-01, சமையல் பாத்திரம் 07-02, விளக்குகள் 26ஆம் வகுப்பு. அந்த நம்பரைப் போட்டுத் தேடினால் சொல்லைப் போட்டுத் தேடுறதிலும் பாக்க வடிவா வரும். பேந்து கூகிள் லென்ஸில உங்கட படத்தைக் குடுக்காதேங்கோ, படத்தை வெளியில விடாமல் சொல்லால எட்சி, பின்ட்ரெஸ்ட் மாதிரித் தளங்களில தேடுங்கோ. கிட்டத்தட்ட ஒரேமாதிரி ஒண்டு கிடைச்சால் உங்கட டிசைனில என்ன வேற எண்டு எழுதிப் பாருங்கோ, ஒண்டும் எழுத வரேல்லை எண்டால் காசை மிச்சம்பிடியுங்கோ.

படம்: உங்கட உரிமை முழுக்க இதுக்குள்ளதான்

இதில நிதானமா நிக்கவேணும். டிசைன் பதிவில விளக்கம் எழுதி ஒண்டையும் காப்பாத்தேலாது, படத்தில என்ன தெரியுதோ அதுதான் உங்கட சொத்து.

2003இல பதிஞ்ச டிரங்கி எண்ட பிள்ளையளின்ர சூட்கேஸ் கதையைப் பாருங்கோ. பிள்ளை ஏறி இருந்து இழுபடுற, கொம்பு வைச்ச மிருகம் மாதிரி ஒரு பெட்டி. கம்ப்யூட்டரில வரைஞ்ச சாம்பல்நிற ஷேடிங் படங்களைக் குடுத்துப் பதிஞ்சவை. இன்னொரு கொம்பனி அதேமாதிரி, மேல பூச்சி, புலி எண்டு அலங்காரம் போட்டு வித்திச்சு. வழக்கு பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம்வரை போய், 2016 மார்ச்சில டிரங்கி தோத்தது. படத்தில சில்லும் வாரும் வேற நிறத்தில தெரிஞ்சதும் மேற்பரப்பு வெறுமையா இருந்ததும் டிசைனுக்குள்ளதான் அடங்கும் எண்டு நீதிமன்றம் எடுத்திச்சு. வெறும் கோட்டுப்படம் குடுத்திருந்தால் வடிவத்துக்கு மட்டும் உரிமை கேட்டதா அகலமா நிண்டிருக்கும் எண்டு பிறகு எல்லா லோயர்மாரும் பேசிக்கொண்டினம்.

இதை எங்கட ஓலைப்பைக்குப் போட்டுப் பாப்பம். கையால பின்னுறது, ஒரு பையில ஓலை அகலம், இன்னொண்டில ஒடுக்கம், சாயம் ஒண்டில கடும் சிவப்பு மற்றதில மங்கல். நீங்கள் ஒரு பையைப் போட்டோ எடுத்துப் பதிஞ்சால் அந்த நிறம், அந்தப் பின்னல் கண் எல்லாம் சேந்து உள்ள போயிடும், கொப்பி அடிக்கிறவன் நீலச்சாயம் போட்டு ஓலைக்குப் பதிலா பிளாஸ்ரிக் பின்னி, எங்கடது வேற எண்டு நிப்பான். அதால வெளிக்கோடு, மூடி மடியிற இடம், வார் பொருந்துற இடம், அடிப்பக்கம் எண்டு வடிவத்தை மட்டும் கறுப்புக் கோட்டில வரைஞ்சு ஒண்டு, பின்னல் கோலத்தோட இன்னொண்டு எண்டு ரெண்டு டிசைனாப் போடுறது கெட்டித்தனம். பித்தளைக் கொக்கி கடையில வாங்கினது எண்டால் அதைப் புள்ளிக்கோட்டில காட்டினால், அது என்ர உரிமைக்குள்ள இல்லை எண்டு அர்த்தம், அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் இந்த முறை நல்லாச் செல்லும்.

முன், பின், இடம், வலம், மேல், கீழ், ஒரு சாய்வுப் பார்வை எண்டு ஏழு படம் பொதுவா எல்லா இடத்துக்கும் காணும். எல்லாப் படமும் ஒண்டோட ஒண்டு ஒத்துப்போகவேணும், முன்பக்கத்தில வாரில ரெண்டு தையல் தெரிஞ்சு சாய்வுப்படத்தில ஒண்டுதான் தெரிஞ்சால் அமெரிக்க ஆய்வாளர் அதைப் பிடிப்பார். போட்டோவையும் கோட்டுப்படத்தையும் ஒரே டிசைனுக்குக் கலக்காதேங்கோ. பின்னணி வெறும் வெள்ளை, கை, பூச்சாடி, அளவுகோல், லோகோ ஒண்டும் படத்துக்குள்ள வரக்கூடாது. போட்டோதான் எண்டால் பின்னேர வெயில் நேர விழாத யன்னலுக்குப் பக்கத்தில ஒரு வெள்ளைத் துணியை விரிச்சு, பை சரிஞ்சு போகாமல் உள்ளுக்குக் கடதாசி அடைஞ்சு எடுங்கோ.

முக்கியமான விசயம், முதல் அப்ளிகேசனில குடுக்கிற படமும் பிறகு வெளிநாட்டில குடுக்கிற படமும் ஒரே டிசைனைத்தான் காட்டவேணும், இல்லாட்டி முன்னுரிமையில பிரச்சினை வரும். அதால கொழும்புக்குத்தானே எண்டு அவசரத்தில போனில எடுத்த படத்தைக் குடுக்காமல், நீங்கள் போகப்போற நாடுகளில ஆகக் கடுமையான நாட்டுக்கு ஏத்தமாதிரி தொடக்கத்திலேயே படத்தை வரையுங்கோ. காசு செலவழிக்க ஒரு இடம் இருக்கு எண்டால் அது இதுதான்.

சொந்தக்காரர் ஆர்

பை யோசிச்சது அக்கா, கம்ப்யூட்டரில வரைஞ்சது கூலிக்கு ஒரு பெடியன், காசு போட்டது ரொறொன்ரோவில இருக்கிற தம்பி. இதை அப்ளிகேசனுக்கு முதல் தீர்க்கவேணும். பிரிட்டனில 2014 அக்டோபர் 1இல இருந்து, காசு குடுத்துச் செய்விச்சாலும் எழுத்தில வேற மாதிரி இல்லை எண்டால் வடிவமைச்ச ஆளுக்குத்தான் உரிமை. அமெரிக்காவில உண்மையா வடிவமைச்ச ஆளின்ர பேரைப் போட்டு அவரிட்டக் கையெழுத்தும் வாங்கவேணும். அதால வடிவமைச்ச ஒவ்வொருத்தரிட்டயும் உரிமையை மாத்தித் தாறன் எண்டு ஒரு தாளில வாங்கி வையுங்கோ.

நாடு நாடா

எல்லா இடமும் போகாதேங்கோ. எங்க விக்கிறியளோ அங்க, பிறகு கொப்பி எங்க செய்யக்கூடுமோ அங்க, அவ்வளவுதான்.

பிரிட்டன் சுகம். ஒன்லைனில போடலாம், கட்டணமும் மற்ற நாடுகளோட பாக்க நல்லாக் குறைவு, சிக்கல் இல்லாட்டில் கிழமைக்கணக்கில முடிஞ்சிடும். ஒரு டிசைனுக்கு 12 படம்வரை ஏற்கும். அங்க ஒரு தொடர்பு முகவரி வேணும். 5 வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிச்சு 25 வருசம்வரை கொண்டுபோகலாம். 2021இல இருந்து ஐரோப்பிய ஒன்றியப் பதிவு பிரிட்டனுக்குச் செல்லாது, ரெண்டும் வேணும் எண்டால் ரெண்டும் போடவேணும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஸ்பெயினில அலிகாண்டே நகரத்தில இருக்கிற ஒவ்வீஸில போடவேணும். ஒரே அப்ளிகேசனில பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க் எல்லாம் அடங்கும், எங்கட சனம் கனக்க இருக்கிற சுவிஸும் நோர்வேயும் அடங்காது. 2025 மே 1இல இருந்து முதல் டிசைனுக்கு 350 யூரோ, அதோட சேத்துப் போடுற ஒவ்வொண்டுக்கும் 125. இலங்கையில இருந்து அப்ளிகேசனை நாங்களே போடலாம், ஆனா அதுக்குப்பிறகு வாற எந்த நடவடிக்கைக்கும் அங்கத்தைய பிரதிநிதி கட்டாயம். 25 வருசம்வரை. வெளியில காட்ட விருப்பம் இல்லை எண்டால் வெளியீட்டை 30 மாதம்வரை தள்ளிப்போடக் கேக்கலாம், புது சீசனுக்கு வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது பெரிய உதவி.

கனடாவில புதுசோ எண்டு உண்மையாவே ஆராய்வினம், அதால நேரம் எடுக்கும், மறுத்து எழுதினால் பதில் எழுதவேணும். ஆகக்கூடினது பதிஞ்ச நாளில இருந்து 10 வருசம் அல்லது போட்ட நாளில இருந்து 15 வருசம், எது பிந்தி வருதோ அது. அஞ்சு வருசம் முடியமுதல் பராமரிப்புக் கட்டணம் கட்ட மறக்காதேங்கோ.

அமெரிக்காவில இதுக்கு டிசைன் பேட்டன்ட் எண்டு பேர். ஆகச் செலவானது, ஆகக் கடுமையானது, படவிதிகளும் அப்பிடி. அவை பேட்டன்டைக் குடுத்த நாளில இருந்து 15 வருசம், நடுவில புதுப்பிக்கத் தேவையில்லை. சின்ன நிறுவனங்களுக்கு 60 வீதமும், அதைவிடச் சின்ன ஆக்களுக்குத் தகுதி இருந்தால் 80 வீதமும் அரச கட்டணத்தில கழிப்பினம். ஏஜென்ட் செலவு அதில கழியாது. அங்க உறுதியா விற்பனை இல்லாட்டில் நான் அவசரப்பட மாட்டன்.

இந்தியாவில 2000ஆம் ஆண்டு டிசைன்ஸ் சட்டம், வேலை கொல்கத்தா ஒவ்வீஸில நடக்குது. தனி ஆளுக்கு 1000 இந்திய ரூபாதான் அப்ளிகேசன் கட்டணம், பதிவு 10 வருசம், பிறகு புதுப்பிச்சால் இன்னும் 5 வருசம். அங்க ஒரு முகவரி வேணும், சென்னையில ஏஜென்ட் பிடிச்சால் தமிழிலேயே கதைச்சு முடிக்கலாம்.

அவுஸ்திரேலியாவில பதிவு சுகமா வரும், ஆனா அதை வைச்சு ஆரையும் மறிக்கவேணும் எண்டால் தனியா ஆராய்ஞ்சு சான்று எடுக்கவேணும். மொத்தம் 10 வருசம்.

கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கட்டுறதுக்கு முதல் அந்தந்த ஒவ்வீஸின்ர வெப்சைட்டில ஒருக்காப் பாருங்கோ.

ஹேக் முறை, வெளிநாட்டுச் சொந்தம்

ஜெனீவாவில வைப்போ நடத்துற ஹேக் முறையில ஒரே அப்ளிகேசனில கன நாடு போடலாம். பிரிட்டன், கனடா ரெண்டும் 2018இல சேந்தது, அமெரிக்காவும் ஜப்பானும் 2015இல. இலங்கை அதில இல்லை, இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் இல்லை. உறுப்பு நாட்டின்ர குடியுரிமையோ, அங்க வதிவிடமோ, அங்க உண்மையா நடக்கிற வியாபாரமோ இருந்தால்தான் பாவிக்கலாம். அதால கனேடியக் குடியுரிமை உள்ள தம்பி போடலாம். அக்காவும் தம்பியும் சேந்து போடேலாது, அப்ளிகேசனில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தகுதி வேணும்.

இதில நான் கவலைப்படுற விசயம் ஒண்டு இருக்கு. செலவு குறையுது எண்டு தம்பியின்ர பேரில போட்டால் சட்டப்படி சொந்தக்காரர் தம்பிதான். பாசம் இருக்கு, சரி, நாளைக்குத் தம்பியின்ர வியாபாரம் முறிஞ்சால், குடும்பத்தில பிரிவு வந்தால், பை யோசிச்ச அக்காவிட்ட ஒண்டும் இல்லை. அதால ஹேக்கில போகமுதல், ஆர் வடிவமைச்சது, லாபம் எப்பிடிப் பங்கு, ஆர் விக்கலாம், எந்த நிலையில உரிமை திருப்பி மாறும் எண்டு எழுதி ரெண்டு நாட்டிலயும் லோயரிட்டக் காட்டுங்கோ. இந்தத் தாள் இல்லாட்டில், நாடு நாடாத் தனித்தனியாப் போடுறது செலவு கூடினாலும் அக்காவுக்கு அதுதான் பாதுகாப்பு.

ஏஜென்ட், அதுக்குப் பிறகு

ஏஜென்ட் பிடிக்கேக்க மூண்டு கேளுங்கோ: அரச கட்டணம் எவ்வளவு, உங்கட கூலி எவ்வளவு எண்டு பிரிச்சு, மறுப்புக் கடிதம் வந்தால் பதிலுக்கு எவ்வளவு, புதுப்பிக்கிற நாளை ஆர் ஞாபகப்படுத்துவினம். வாயால சொன்னதை ஈமெயிலில வாங்குங்கோ.

பதிவு வெளியானதும் உங்கட பேரும் முகவரியும் எல்லாருக்கும் தெரியும். உடன, அரச முத்திரை மாதிரி ஒண்டைப் போட்டு, சர்வதேசப் பதிவுப் புத்தகத்தில சேக்கக் காசு கட்டச்சொல்லி இன்வொய்ஸ் வரும். வைப்போவும் ஐரோப்பிய ஒவ்வீஸும் இதைப்பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிக்கினம். ஏஜென்டிட்டக் கேக்காமல் ஒண்டுக்கும் கட்டாதேங்கோ.

கொப்பி ஒண்டைக் கண்டால் கோவத்தில கொமெண்டில சண்டை பிடிக்காமல், முதல் ஒண்டை வாங்கி, பில், பாசல், திகதி, விக்கிற பக்கத்தின்ர ஸ்க்ரீன்ஷொட் எல்லாம் சேத்து வையுங்கோ. அமேசான் மாதிரித் தளங்களில பதிவு நம்பரைக் குடுத்து முறைப்பாடு செய்ய வழி இருக்கு. பிரிட்டனில பதிஞ்ச டிசைனைத் தெரிஞ்சுகொண்டே வியாபாரத்துக்குக் கொப்பி அடிக்கிறது 2014இல இருந்து குற்றவியல் குற்றமும்கூட. ஆனா அதே பிரிட்டனில ஆதாரம் இல்லாமல் வழக்குப் போடுவன் எண்டு கடைக்காரரை வெருட்டினால் அவை உங்களுக்கு எதிரா வழக்குப் போடலாம், அதால முதல் கடிதத்தை லோயர் எழுதட்டும்.